பாண்டியில புஸ்ஸி வீதின்னு ஒரு வீதி, யாருப்பா அந்த புஸ்ஸி?

ஊத்தங்கரை நண்பர் கேட்டது, மே 3

குடும்பத்தோட பாண்டிச்சேரி போயிருந்தோம். பீச்சுல இருந்து ரூமுக்கு நடந்து வர்றப்ப ஒரு வீதி. ரெண்டு பக்கமும் மஞ்ச செவுரு, காகிதப்பூ கொத்துக் கொத்தா தொங்குது, ஆள் நடமாட்டமே இல்ல, நாய் கூட படுத்துக்கினு ஒத்தக் கண்ணத் தொறந்து பாத்துட்டு மூடிக்கிச்சு. செவுத்துல நீலக் கலர் தகட்டுல புஸ்ஸி வீதின்னு போட்டிருக்கு. என் பையன் சிரிச்ச சிரிப்புல எதுத்த வீட்டு வாட்ச்மேனே எட்டிப் பாத்துட்டாரு. பூனைக்கு வச்ச பேரா இருக்கும்னு வீட்டம்மா சொல்றாங்க. இப்படியும் ஒரு வீதிக்குப் பேர் வைப்பாங்களா?

மே 3, ராத்திரி

பூனையெல்லாம் இல்லீங்க, ஆளு பேரு. புஸ்ஸின்னு ஒரு பிரெஞ்சுத் தளபதி, துய்ப்ளே கவர்னரா இருந்த காலத்து ஆளு. 1750-ல செஞ்சிக் கோட்டைய ராத்திரியோட ராத்திரியா ஏறிப் புடிச்சவரு. நீங்க ஊத்தங்கரைல கெளம்பி செங்கம், திருவண்ணாமலை, செஞ்சின்னு தான போயிருப்பீங்க, ரோட்டுல இருந்தே தெரியுமே பாறையா மலை, மேல செவுரு ஓடிக்கினு, அந்தக் கோட்டைதான். அப்பறம் ஐதராபாத் நிஜாம்கிட்ட போயி வருஷக்கணக்குல செல்வாக்கா இருந்துட்டு, 1760 வந்தவாசிச் சண்டைல இங்கிலீஷ்காரன்கிட்ட மாட்டிக்கினு, ஊருக்குத் திரும்பிப் போயி, வயசாகி கீல்வாதமும் வந்தப்பறம் 1783-ல மறுபடி இந்தப் பக்கம் வந்து கடலூர்ல சண்டை போட்டாரு. அந்தச் சண்டையும் முடியல, ஐரோப்பால சமாதானம் ஆயிடுச்சுன்னு சேதி வந்து பாதியில நிறுத்திட்டாங்க. 1785-ல பாண்டிலயே காலம் ஆயிட்டாரு.

பையன் ஏன் சிரிச்சான்னு வீட்டம்மாவுக்கு விளக்க வேணாம், பூனையாவே இருக்கட்டும்.

மே 4

காலைல எந்திரிச்சுப் பாத்தா கீழ ஆளாளுக்கு சிரிச்சு வச்சிருக்கீங்க. புஸ்ஸுன்னு போன பட்டாசு, புஸ்வாணம், காத்து போன டயருன்னு. சிரிங்க, வேணாம்னு சொல்லல. ஆனா நான் இத டைப் பண்றது கிருஷ்ணகிரி லண்டன்பேட்டைல இருந்து. லண்டன்பேட்டை! தேம்ஸும் இல்ல ராணியும் இல்ல, வெயில் காலத்துல சையத் பாஷா மலைப் பாறை சூடாகி ராத்திரி பத்து மணிக்கும் அனலடிக்கற ஊரு. எங்க சொந்தக்காரப் பையன் ஒருத்தன் சென்னைல இன்டர்வியூவுல "நேட்டிவ் எங்க"ன்னு கேட்டதுக்கு லண்டன்பேட்டைன்னு சொல்லி, கேட்டவரு பேனாவ கீழ வச்சுட்டு சிரிச்சாராம், ஆனா வேலை குடுத்துட்டாரு.

அந்தப் பேர் எப்படி வந்துச்சுன்னு கேட்டா ஆளுக்கொரு கதை சொல்லுவாங்க. எங்க பெரியப்பா கிட்ட மட்டும் மூணு கதை இருந்துச்சு, கேக்கற ஆளப் பாத்து எடுத்து விடுவாரு. அதனால பாண்டிக்காரங்களப் பாத்து சிரிக்கறதுக்கு முன்னாடி நம்ம அட்ரஸ ஒரு தடவ படிச்சுக்கணும்.

மே 4, மத்தியானம்

நம்ம மாங்கா மண்டில கூட்டம் இல்ல, அதான் இன்னொன்னு.

"அந்தாளு கட்டுன வீதியா"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கீங்க. இல்ல. பாண்டியோட அந்தக் கட்டம் போட்ட மாதிரி நேர் நேரான வீதி அமைப்பே டச்சுக்காரன் போட்டது, 1693-ல இருந்து 1699 வரைக்கும் ஊரு அவங்க கையில இருந்தப்ப. அப்பறம் 1761-ல இங்கிலீஷ்காரன் புடிச்சு ஊரையே இடிச்சுத் தரைமட்டம் ஆக்குனான். 1763 உடன்படிக்கைல திருப்பிக் குடுத்ததும் லா த லோரிஸ்தோன்னு ஒரு கவர்னர் வந்து பழைய கோட்டு மேலயே திரும்பக் கட்டுனாரு. அதனால அங்க "முன்னூறு வருஷத்து வீடு"ன்னு யாராச்சும் ரூம் வாடகை ஏத்துனா கொஞ்சம் கொறச்சுக் கேளுங்க.

மே 6

எனக்கும் அந்த வீதிக்கும் ஒரு பழக்கம் இருக்கு, சொல்றேன்.

அம்மாவுக்கு வைத்தியம் பாக்க ஜிப்மருக்கு அலைஞ்ச காலம். நம்ம கிருஷ்ணகிரி தர்மபுரிக்காரங்களுக்குப் பாண்டின்னா பாதிப் பேருக்கு சரக்கு, மீதிப் பேருக்கு ஜிப்மர், பீச்சு எல்லாம் அதுக்கப்பறம். அந்த ஆஸ்பத்திரி இருக்கற இடத்துக்குப் பேரே கோரிமேடு. கோரின்னா சமாதி. அம்மாவ இட்டுனு போய் எறங்குன அன்னைக்கே கண்டக்டர் "கோரிமேடு எறங்குறவங்க எறங்கு"ன்னு கத்துனாரு, அம்மா என்னப் பாத்தாங்க பாருங்க ஒரு பார்வ. நல்லபடியா வைத்தியம் ஆகி வந்து இன்னும் மண்டிக் கணக்குல தப்பு கண்டுபிடிச்சுக்கினு இருக்காங்க, அது வேற.

ஒரு நாள் சாயங்காலம், அம்மா தூங்கிட்டாங்க, அக்கா பாத்துக்கறேன்னு சொன்னா, சரி நமக்கு மாங்கா வாங்கற பாண்டி வியாபாரி வீட்டுக்கு ஒரு எட்டு போயி நிலுவையப் பேசிட்டு வரலாம்னு கெளம்புனேன். அவரு குடுத்த கார்டுல லால் பகதூர் சாஸ்திரி வீதின்னு இருந்துச்சு. ஆட்டோல ஏறி அதையே சொன்னேன். ஆட்டோக்காரரு தலையச் சொறிஞ்சாரு. இன்னொரு ஆட்டோவக் கேட்டாரு, அவருக்கும் தெரியல. டீக்கடைல கேட்டாரு, டீ மாஸ்டர் "சாஸ்திரி... சாஸ்திரி..."ன்னு மேல பாத்தாரு. கடைசில பேப்பர் படிச்சுக்கினு இருந்த ஒரு பெரியவரு தலை தூக்காமலே "புஸ்ஸி வீதிடா அது"ன்னாரு. ஆட்டோக்காரருக்கு வந்துச்சே கோவம், "அத மொதல்லயே சொல்றதுக்கின்னா ஸார்"னு. நானு கார்டக் காட்டறேன், அவரு கார்ட பாக்கவே இல்ல.

அந்த வீதில கெழக்கால, வாய்க்காலத் தாண்டி கடலப் பாத்துப் போற பக்கம்தான் நீங்க சொன்ன மாதிரி அமைதி. மேற்கால வந்தா கடை வண்டி ஆர்ன் சத்தம்னு நம்ம சேலம் ரோடு மாதிரியே ஆயிடும். ஒரே வீதி, வாய்க்கா பிரிக்குது. அந்தக் காலத்துல வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வெள்ளக்காரங்க, இந்தப் பக்கம் நம்ம ஆளுங்க. இன்னைக்கும் சத்தத்த வச்சே எந்தப் பக்கம் நிக்கறோம்னு சொல்லிடலாம்.

மே 6, பத்து நிமிஷம் கழிச்சு

நிலுவை வந்துச்சான்னு கேக்காதீங்க.

மே 8

ஆட்டோ கதையப் போட்டதுல இருந்து எனக்கே ஒரு கேள்வி ஓடிக்கினு இருக்கு. அதே பாண்டில நேரு வீதி இருக்கு. அது முன்னாடி துய்ப்ளே வீதி. புஸ்ஸி எல்லாம் துய்ப்ளேக்குக் கீழ வேலை பாத்த ஆளு, துய்ப்ளேதான் பெரிய கை, 1742-ல இருந்து 1754 வரைக்கும் கவர்னர், பீச்சுல பூங்காக் கிட்ட செலையே இருக்கு. அப்பேர்ப்பட்டவரு பேர எடுத்துட்டு நேருன்னு போட்டாங்க, எல்லாரு வாய்லயும் நேரு வீதிதான். சின்ன ஆளு புஸ்ஸி பேர எடுத்துட்டு சாஸ்திரின்னு போட்டா மட்டும் வாய்ல ஒட்டல. ஏன்?

பேரு நீளம்னு ஒரு நண்பர் சொல்றாரு. ஞாயம்தான். நேரு ரெண்டெழுத்து. லால் பகதூர் சாஸ்திரின்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள சிக்னல் மாறிடும். பீச்சுல இருக்கறது கூபேர் அவென்யூ, பாண்டியோட மொத முதலமைச்சர் பேரு, அத எவன் சொல்றான், பீச் ரோடுதான். அவரு பேர்லயே மார்க்கெட்டும் இருக்கு, அங்கதான் நம்ம மாங்கா போகுது, லோடு டிரைவர்ல ஒருத்தராச்சும் கூபேர் மார்க்கெட்டுன்னு சொல்லிக் கேட்டதில்ல, பெரிய மார்க்கெட்டு.

ஆனா நீளம் மட்டும் காரணம்னா "சாஸ்திரி வீதி"ன்னு சுருக்கிட்டிருக்கலாமே. அதையும் சுருக்கல.

மே 8, ராத்திரி

தோணுனத எழுதிடறேன், காலைல மறந்துடும்.

நேரு வீதி கடை வீதி. துணிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடைன்னு வரிசையா. ஒவ்வொரு கடை போர்டுலயும் பில்லுலயும் கட்டைப்பைலயும் நேரு வீதி, நேரு வீதி, நேரு வீதி. பை வீட்டுக்குப் போகுது, வீட்ல எல்லாரும் படிக்கறாங்க, அப்பறம் எப்படி மாறாம இருக்கும். புஸ்ஸி வீதில கெழக்குப் பாதி வீடுங்க, கதவச் சாத்திக்கினு இருக்கற வீடுங்க. பேர எழுதிப் பொழைக்கற ஆளு அங்க கம்மி.

மே 9

மேல எழுதுனது பாதிதான். மீதிய ஒரு பாண்டிக்கார அண்ணன் எடுத்துக் குடுத்துட்டாரு. புஸ்ஸின்னு சட்டசபைத் தொகுதியே இருந்துச்சு! அதாங்க விஷயம். வீதிப் பேர மாத்துனவங்க தொகுதிப் பேர மாத்தல. எலெக்ஷன் வந்தா செவுரெல்லாம் புஸ்ஸி தொகுதி வேட்பாளர், ஆட்டோல மைக்க கட்டிக்கினு "புஸ்ஸி தொகுதி வாக்காளப் பெருமக்களே"ன்னு கத்திக்கினு போனா சாஸ்திரி எங்க நிக்கறது. தவெக புஸ்ஸி ஆனந்த் பேருக்கு முன்னாடி இருக்கற புஸ்ஸியும் இதுதான், 2006-ல அவரு அந்தத் தொகுதில ஜெயிச்சவரு. நம்ம பக்கம் பாதிப் பேரு அத ஏதோ வீட்ல கூப்புடற செல்லப் பேருன்னு நெனச்சுக்கினு இருக்காங்க, எங்க மண்டில கணக்கு எழுதற தம்பி உட்பட. அவனுக்கு நேத்து சொன்னேன், "ஐயய்யே, ஊரு பேராண்ணா"ன்னு ரொம்ப ஏமாந்துட்டான்.

தொகுதி சீரமைப்புல 2011 தேர்தல்ல இருந்து அந்தத் தொகுதியே இல்ல. தொகுதி போயிடுச்சு, பேரு இப்ப ஒரு மனுஷரு தலைல ஏறி தமிழ்நாடு முழுக்க சுத்துது. செஞ்சியப் புடிச்ச புஸ்ஸி இத எதிர்பாத்திருக்க மாட்டாரு.

மே 10

கட்சிச் சண்டை இங்க வேணாம் சாமி. வீதியப் பத்திப் பேசுங்க.

மே 11

அதே பாண்டி அண்ணன் பழைய தொகுதிப் பட்டியல இங்கிலீஷ்ல எப்படி எழுதுவாங்கன்னு எழுத்துக் கூட்டிச் சொன்னாரு, எனக்கு வயித்து வலி வந்துடுச்சு. "காஸ்ஸிகாட்"ன்னு படிக்கற மாதிரி ஒரு எழுத்து. என்னான்னா காசுக்கடை! நம்ம காசுக்கடைய பிரெஞ்சுக்காரன் எழுதுன எழுத்து அது. "ஊல்கரே"ன்னா உழவர்கரை. அவன் நம்ம பேர இந்தப் பாடு படுத்தி வச்சிருக்கான்.

நாமளும் சும்மா இல்ல. பிரான்ஸ்ல ஓர்லேயான்னு ஒரு பெரிய ஊரு. அந்தப் பேர்ல ஒரு பேட்டை வச்சான் பாவம். நம்மாளு அத உருளையன்பேட்டைன்னு ஆக்கிட்டான். இன்னைக்கும் தொகுதிப் பேரு அதான், பிரெஞ்சு ராஜ குடும்பத்துப் பட்டம் உருளைக்கிழங்கு மண்டி மாதிரி ஆயிப்போச்சு. கோயிலு யானை இருந்துச்சே மணக்குள விநாயகர் கோயில், அந்தக் கோயில் வீதிக்கும் பழைய பேரு ஓர்லேயான் வீதிதான். அங்க புள்ளையார் ஜெயிச்சுட்டாரு.

பிரெஞ்சுக்காரங்களுக்கு துபாஷியா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ல இருந்து 1761 வரைக்கும் நாட்குறிப்பு எழுதுனாரு இல்ல, அதுல வெள்ளக்காரன் பேரெல்லாம் காதுல விழுந்தபடிக்கு எழுதி வச்சிருப்பாரு. பேருல எழுத்துப் பிழைய பாத்து சிரிக்கறவங்க அதப் படிக்கணும். அந்த மனுஷன் பேச்சக் காதால கேட்டே கவர்னர் கூட வியாபாரமே பண்ணாரு.

மே 14

சரி நம்ம மானத்தையும் வாங்கிடறேன். காவேரிப்பட்டணம்.

பட்டணம்னா கடற்கரை ஊரு. நாகப்பட்டணம், மசூலிப்பட்டணம், காவிரிப்பூம்பட்டினம். நம்ம காவேரிப்பட்டணத்துல கடல் எங்க இருக்கு? சரி கடல் வேணாம், காவேரியாச்சும் இருக்கா? ஓடறது தென்பெண்ணை! காவேரிக்கு நீங்க ஒகேனக்கல்லுக்குப் போகணும், அது தர்மபுரி மாவட்டம். பேருல ரெண்டு சொல்லு, ரெண்டும் இல்ல, ஊரு மட்டும் இருக்கு, அதுவும் சின்ன ஊரு இல்ல, 1767-ல ஐதர் அலி வந்து முற்றுகை போட்டுப் புடிச்ச கோட்டை இருந்த ஊரு.

இதுல நான் பட்ட பாடு. மாங்கூழ் சாம்பிள் டப்பா ரெண்டு பொட்டி, காவேரிப்பட்டணத்துல ஒரு ஃபேக்டரிக்கு வர வேண்டியது, பார்சல் போட்டவங்க காவிரிப்பூம்பட்டினம்னு நெனச்சு பூம்புகாருக்கு அனுப்பிட்டாங்க. போன் மேல போன். "சார் உங்க பார்சல் வந்துடுச்சு, வந்து வாங்கிக்கோங்க, மீன் மார்க்கெட் பக்கத்துலதான் ஆபீஸ்"ன்னு ஒரு பொண்ணு சொல்லுது. எங்களுக்கு மீன் மார்க்கெட்டுன்னா கிருஷ்ணகிரி அணை, அதான் கே.ஆர்.பி. டேம், அந்த மீனு விக்கற எடம், அங்க போயி ஒரு மணி நேரம் தேடிட்டு வந்தான் மண்டித் தம்பி. அப்பறம்தான் வெளங்குச்சு அந்தப் பொண்ணு கடலப் பாத்துக்கினு பேசுதுன்னு.

அப்ப இருந்து யாருக்கும் ஊருப் பேர மட்டும் சொல்றதில்ல, பின்கோடுதான். 635-ல ஆரம்பிச்சா நாங்க, 609-ல ஆரம்பிச்சா பூம்புகார் பக்கம். பேர நம்பாதீங்க நம்பர நம்புங்க.

மே 14, கொஞ்ச நேரம் கழிச்சு

"பட்டணம்னா சந்தைப்பேட்டைன்னும் அர்த்தம் உண்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்துல கடலா இருக்கு"ன்னு ஓசூர் அண்ணன் ஒருத்தர் சண்டைக்கு வந்திருக்காரு. கன்னடத்துப் பக்கம் அப்படி வழங்கறது நெசம்தான், நம்ம ஊரு பாதிப் பேரு அந்தக் காத்துல வந்த பேருதான். அண்ணா நீங்க சொல்றது சரி, ஆனா ஜோக்க கெடுத்துட்டீங்க.

மே 19

நெறைய பேரு கேட்டதால தென்பெண்ணை விஷயம். காவேரிப்பட்டணத்துக்குக் கடல் இல்லன்னு சொன்னேனே, ஒரு வகைல இருக்கு. ஆறு நந்தி மலைல பொறந்து, ஓசூர் கெலவரப்பள்ளி, நம்ம கே.ஆர்.பி. டேம், காவேரிப்பட்டணம், சாத்தனூர் டேம்னு போயி கடைசில கடலூர் கிட்ட கடல்ல விழுது. பாண்டிக்குத் தெக்கால பாகூர் வயக்காட்டுக்கும் இந்த ஆத்துத் தண்ணி ஒறவுதான். நாம குளிச்ச தண்ணி அவங்க பீச்சுக்குப் போகுது, அந்த ஊரு வீதிப் பேரு மேல நமக்கு ஒரு சின்ன உரிமை இருக்குன்னு வச்சுக்கலாம்.

திரும்பி வர்ற வழியும் இருக்கு. 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கத்துல கரை ஏறுச்சே, பாண்டில ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. டிவில முட்டளவு தண்ணில வீதிங்களக் காட்டறான், நம்மாளுங்க பாவம் பாவம்னு சொல்லிக்கினு டீ குடிக்கறோம். ரெண்டு நாள்ல அதே மிச்சப் புயல் ரோடு புடிச்சு வந்த மாதிரி திண்டிவனம், திருவண்ணாமலைன்னு நகந்து வந்து ஊத்தங்கரைல 50 சென்டிமீட்டர் கொட்டுச்சு. கேள்வி கேட்ட நண்பருக்குத்தான் தெரியும் அந்த ராத்திரி. ஏரி ஒடஞ்ச மாதிரி தண்ணி ரோட்டுக்கு வந்து, நிறுத்தி வச்சிருந்த வேனு காரெல்லாம் அடிச்சுக்கினு போச்சு. கடல்ல இருந்து அவ்ளோ தூரம் இருந்துக்கினு புயலுக்கு பயப்படணும்னு எங்க அப்பா காலத்துல யாராச்சும் சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாங்க. அப்பறம் சாத்தனூர் டேமத் தொறந்து விட்டு, அந்தத் தண்ணி திரும்ப விழுப்புரம், கடலூர்ப் பக்கம் போயி அங்க முங்குச்சு. வந்த வழியே திருப்பி அனுப்பிட்டோம்.

மே 20

ஊத்தங்கரை நண்பர் எழுதியிருக்காரு, அவங்க சித்தப்பா வண்டியும் அதுல போச்சாம். கம்மாங்கரைல கெடச்சுதாம் மூணு நாள் கழிச்சு. சிரிச்சு எழுதுனதுக்கு மனசுல வச்சுக்காதீங்க தம்பி.

மே 25

யாரோ சாதிப் பேரு விஷயத்த இழுத்துட்டீங்க. 2025 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு சாதிப் பேர்ல இருக்கற தெரு, குடியிருப்புப் பேரெல்லாம் மாத்தணும்னு உத்தரவு போட்டுச்சு. அதுக்கும் புஸ்ஸி வீதிக்கும் என்னா சம்பந்தம்னு கேட்டவருக்கு: சம்பந்தம் இருக்கு, பேர எடுத்துட்டா வாய்ல இருந்து போயிடுமாங்கறதுதான் ரெண்டுலயும் கேள்வி.

எனக்கு அந்தப் பேருங்க போறதுல சந்தோஷம்தான். எங்க தூரத்து உறவுல ஒரு பொண்ணு, காலேஜ்ல அட்ரஸ் ஃபார்ம் எழுதறப்ப தெருப் பேர கையால மறைச்சுக்கினு எழுதும், அந்தக் கஷ்டம் அந்தத் தெருவுல பொறக்காதவனுக்குத் தெரியாது. புஸ்ஸின்னு பேரு இருந்தா பையன் சிரிப்பான், அவ்ளோதான். இது சிரிக்கற பேரு இல்ல.

ஆனா தகட்ட மாத்திட்டு வீட்டுக்குப் போயிட்டா பத்தாது. ரேஷன் கார்டு, கரண்டு பில்லு, கூரியர் பையன், ஆட்டோ ஸ்டாண்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாத்துலயும் புதுப் பேரு வரணும், சின்னதா இருக்கணும், கூப்பட நல்லா இருக்கணும். ஏழு சொல்லுல தலைவர் பேர பட்டத்தோட வச்சீங்கன்னா பழசுதான் நிக்கும். பூப் பேரு வைங்க, மரத்துப் பேரு வைங்க. புளியமரத் தெருன்னு வச்சா யாரு மறப்பா? மரம் போனாலும் பேரு நிக்கும். கிருஷ்ணகிரில அஞ்சு ரோடு ரவுண்டானான்னு யாரு மீட்டிங் போட்டா பேரு வச்சாங்க?

மே 25, ராத்திரி

மறுபடி யோசிச்சா, காலம்னு ஒன்னு இருக்கு, அத நான் மேல எழுதவே இல்ல. எங்க தாத்தா கடைசி வரைக்கும் சேலம் ஜில்லான்னுதான் கடுதாசி எழுதுனாரு. தர்மபுரி மாவட்டம் ஆனது 1965-ல. எங்க அப்பா தர்மபுரி மாவட்டம்னு எழுதுவாரு, 2004-ல கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆயும் ரொம்ப நாளு அப்படித்தான் எழுதுனாரு. நான் கிருஷ்ணகிரின்னு எழுதறேன். ஆளுக்கு ஒன்னுன்னு மூணு தலைமொறைல மூணு ஜில்லா, வீடு அதே எடத்துலதான் இருக்கு. பாண்டியையே 2006-ல புதுச்சேரின்னு மாத்துனாங்க, நம்ம பஸ் ஸ்டாண்டுல பெங்களூருல இருந்து பாண்டி போற வண்டி வந்து நின்னா கண்டக்டரு இன்னும் பாண்டி பாண்டி பாண்டிதான். அவரு ரிட்டயர் ஆகி அடுத்த ஆளு வரட்டும் பாக்கலாம். அந்த ஆளும் பாண்டின்னுதான் கத்துவான்னு நெனக்கறேன், மூணு தடவ வேகமா கத்தறதுக்கு அதான் வசதி.

மே 28

பெங்களூரு பாண்டி பஸ்ஸப் பத்தி கேட்டவருக்கு: கிருஷ்ணகிரில ஏறலாம், ராத்திரி வண்டில சீட்டு கெடைக்கறது கஷ்டம், பெங்களூருலயே நெறஞ்சு வரும். திருவண்ணாமலை மாறிப் போறது சுலபம். பௌர்ணமி அன்னைக்கு மட்டும் அந்தத் தப்பு பண்ணாதீங்க. ரோடு இப்ப பரவால்ல, வருஷக்கணக்குல தோண்டிப் போட்டது போட்டபடி கெடந்த காலத்துல நாங்க மாங்கா லோடு அனுப்பி, பாண்டி போயி சேர்றப்ப பாதி கூழாவே போயிருக்கு.

ஜூன் 4

சீசன் உச்சம், எழுத நேரமில்ல. ஆனா பேரு விஷயத்துல இத சொல்லாம விட முடியாது, நேத்து நடந்தது.

பெங்களூரா மாங்கா இருக்கு இல்ல, மூக்கு வளஞ்சது, கூழ் ஃபேக்டரிக்குப் போறது. வெளையறது கிருஷ்ணகிரில, பேரு பெங்களூரா. பெங்களூருக்காரன்கிட்ட பெங்களூரான்னா முழிப்பான், அவனுக்கு அது தோத்தாபுரி. பாண்டி, மெட்ராஸ் பக்கம் போனா அதே காயி கிளிமூக்கு. நேத்து பெரிய மார்க்கெட்டுக்கு ஒரு லோடு, நம்ம சீட்டுல பெங்களூரா, அங்க புதுசா வந்த கணக்குப்புள்ள "நாங்க கேட்டது கிளிமூக்கு, நீங்க வேற காயி ஏத்தி விட்டுட்டீங்க"ன்னு எறக்கவே மாட்டேங்கறான். டிரைவர் போன் போட்டு "அண்ணே கிளிமூக்குன்னா என்னாண்ணே"ங்கறான். பக்கத்துல இருந்த அம்மா போன வாங்கி, "ஏம்ப்பா, ஒரு காய எடுத்து மூக்கப் பாரு"ன்னாங்க. எறக்கிட்டாங்க.

இன்னைல இருந்து சீட்டுல ரெண்டு பேரும் எழுதச் சொல்லியாச்சு. பீத்தர் மாங்காவுக்கும் அங்க வேற ஏதாச்சும் பேரு இருக்கான்னு பாண்டிக்காரங்க யாராச்சும் சொல்லுங்க, நாளைக்கு ஒரு குட்டியானை வண்டி நெறைய அதுதான் போகுது.